ஊதுங்க சார்

பதினொன்றே முக்காலுக்கு எபி கூப்பிட்டான்.
"அப்பா, சாந்தி காலனி... வர்றியா?"
அவ்வளவுதான்.
பின்னால் யாரோ சிரித்தார்கள்,
யாரோ "வெச்சிடுடா, வெச்சிடு" என்றார்கள்.
அவன் வைக்கவில்லை.
நான் லுங்கியிலிருந்து பேண்டுக்கு மாறும்வரை
வாயால் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டே இருந்தது.

கவுசிக் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான்.
பிறந்தநாள் கேக்கின் க்ரீம் காதோரம்,
சட்டையில் வேறு ஏதோ.
தூக்கினால் பதினாறு வயதுக்கு இத்தனை எடையா?
கண் திறக்கிறானா, பேர் சொல்கிறானா என்று பார்த்தேன்.
"எபனேசர், பதினொண்ணு பி" என்றான்
டீச்சரிடம் சொல்வதுபோல.
நூற்றியெட்டு அடித்துவிட்டு
பச்சைப் பொத்தான்மேல் வைத்திருந்த விரலை
அப்போதுதான் எடுத்தேன்.

வண்டி துடைக்கும் பழைய சேலையால்
என் இடுப்போடு அவன் இடுப்பைச் சேர்த்துக் கட்டினேன்.
நாலு வயதில் தீவுத்திடல் பொருட்காட்சி முடிந்து
தூங்கிக்கொண்டே வந்தபோதும் இப்படித்தான்.
அன்று என் முதுகில் எச்சில்.
இன்று எச்சில், வோட்கா, ஆரஞ்சு ஜூஸ்.

நியூ ஆவடி சாலையில் தடுப்பு போட்டிருந்தார்கள்.
"ஊதுங்க சார்."
ஊதினேன்.
பூஜ்யம்.
எஸ்.ஐ. கருவியைத் தட்டிப் பார்த்தார்,
நாற்றம் மூன்றடி முன்பே அவரை எட்டியிருந்தது.
மறுபடி ஊதினேன். மறுபடி பூஜ்யம்.
லெந்து நாட்கள் என்பதால் பூஜ்யம்.
அதை அவரிடம் சொல்லவில்லை.
டார்ச் வெளிச்சம் என் தோளைத் தாண்டிப் போய்
அரும்பு மீசையில் நின்றது.
"பையனா?"
"ஆமா சார்."
"ஹெல்மெட் போடலியே அவன்" என்றார்
வேறெதுவும் சொல்லத் தெரியாதவர்போல.
"ஓரமா, மெதுவா போங்க."

ரெஜினா கதவைத் திறந்தே வைத்திருந்தாள்.
ஒருக்களித்துப் படுக்கவைத்து
முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்து
வாய்க்கு நேரே வாளி வைத்தாள்.
"அடிக்கறதா இருந்தா நாளைக்கு" என்றாள்.
கொஞ்சம் கழித்து, "நாளைக்கும் வேணாம்."
என் கை உயர்ந்திருந்ததே எனக்குத் தெரியாது.

விடியும்வரை அவன் மூச்சை எண்ணினேன்.
ஐ.சி.எஃப்.பில் வெல்டிங் தையலை இப்படித்தான் பார்ப்பேன்,
எங்காவது ஊசித்துளை இருக்கிறதா என்று.
இருந்தது.
மொட்டைமாடிச் சனிக்கிழமைகள்.
ஏழு வயதுக் கையில் ஐம்பது ரூபாயைத் திணித்து,
"சோடா ரெண்டு, காராபூந்தி ஒண்ணு,
மீதிக்கு நீ சாக்லெட் வாங்கிக்கோ."
மூச்சிரைக்க ஓடி வருவான்.
பொங்கி வழியாமல் சோடா ஊற்ற
கிளாஸை எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று
அவனுக்குத் தெரியும்.
என் நண்பர்கள் கைதட்டுவார்கள்.
நானும்தான்.

ஞாயிறு ஆராதனைக்கு யாரும் போகவில்லை.
பத்தரைக்கு எழுந்தான்.
உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை
செம்போடு குடித்தான்.
பேச வேண்டியதை நாலுமுறை ஒத்திகை பார்த்திருந்தேன்,
நாலும் கத்தலில்தான் முடிந்தன.
ஐந்தாவதைச் சொன்னேன்.

"கூப்பிட்டது நல்லது. குடிச்சது தப்பு.
ரெண்டையும் தனித்தனியா கேட்டுக்கோ.
குடிச்சதுக்கு, ஒரு மாசம் ராத்திரி வெளிய கிடையாது.
கூப்பிட்டதுக்கு, எத்தனை மணியானாலும் வருவேன்.
கேள்வியெல்லாம் காலைலதான்."

தலையாட்டினான்.
விரல் செம்பின் விளிம்பைச் சுற்றிக்கொண்டிருந்தது.
ராத்திரி 'வர்றியா' என்று கேட்டவனுக்கு
மரியாதை திரும்பி வந்திருந்தது.
"ஈஸ்டர் முடிஞ்சப்புறம்... நீங்க?"

குத்திக் கேட்கவில்லை.
அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்பதுபோலக் கேட்டான்.

ஈஸ்டருக்கு இன்னும் மூன்று ஞாயிறு.
தடுப்பு இல்லை, டார்ச் இல்லை.
வாயைத் திறந்தேன்,
காற்றுதான் வந்தது.

ரெஜினா அடுப்பை அணைத்துவிட்டு வந்து
எங்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள்.
ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு
அவளும் என்னைப் பார்த்தாள்.